தெரிந்த ஆள்

அன்பின் ஐயா,

கொழும்பில் ஒரு அரச திணைக்களத்தில் உத்தியோகத்துக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். எங்கள் பகுதியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். போன மாதம் பெரியம்மாவின் மகன் தன் விண்ணப்பத்தைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். ஒரு சதமும் வாங்கவில்லை. அதே கிழமை ஒழுக்க விதிகள் பற்றி எங்களுக்கு வகுப்பு வைத்தார்கள். பதவியை வைத்துச் சொந்தக்காரருக்கு நன்மை செய்வதும் பிழையாம். பெரிய கைகள் செய்வதைப் பார்த்தால் இது பகிடியாக இருக்கிறது. எங்கட சனம் சிங்களப் படிவத்தோடு அல்லாடும்போது நான் உதவாமல் யார் உதவுவது? விதி சின்ன ஆட்களுக்கு மட்டும்தானா?

— பெயர் வேண்டாம், தெகிவளை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை நானும் ஒரு கந்தோர் வாசலில், கையில் துண்டு இலக்கத்தோடு இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்திருந்தேன். பக்கக் கதவால் மூன்று பேர் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

பெரிய கைகளை விடுங்கள். சொத்து விபரம் கொடுக்கும் சட்டம் 1975 இலேயே வந்தது. இப்போது அமைச்சர்மாருடையதையும் எம்.பி.மாருடையதையும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். பாருங்கள், வயிறெரியுங்கள். அதற்காக நீங்கள் கோப்பைத் தூக்கி மேலே வைத்தது சரியாகிவிடாது.

‘ஒரு சதமும் வாங்கவில்லை’ என்கிறீர்கள். யார் கேட்டது? 1954 இன் இலஞ்சச் சட்டத்துக்குள் 1994 இல் ‘ஊழல்’ என்று தனிக் குற்றம் ஒன்றைச் சேர்த்தார்கள். தனக்கோ வேறு எவருக்கோ முறைகேடான நன்மை கிடைக்கட்டும் என்று பதவியைப் பாவித்தாலே அது பொருந்தும், காசு கைமாற வேண்டியதில்லை. பழைய சட்டங்களை நீக்கி வந்த 2023 இன் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதை விடவில்லை. வகுப்பில் சொன்னது புதுக்கதை இல்லை, தம்பி. நீங்கள் பிறந்த காலத்துக் கதை.

எனக்குக் கோபம் சட்டத்தால் வந்ததில்லை. ‘உதவி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லால் வந்தது. படிவம் விளங்காமல் நிற்கிறவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறீர்களா, அது உதவிகூட இல்லை, உங்கள் வேலை. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பிலேயே எழுதியாகிவிட்டது. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அதைச் செய்யுங்கள். சிங்களவருக்கும் செய்யுங்கள், அவர்களிலும் படிவம் விளங்காத ஆட்கள் நிறையப் பேர். கோப்பை அடியில் இருந்து உருவி மேலே வைப்பது வேறு. மேலே ஒன்று வந்தால் மற்ற எல்லாம் ஒரு படி கீழே போகும். கீழே போன கோப்புகளில் எத்தனை ‘எங்கட சனம்’ என்று பார்த்தீர்களா? எங்கட சனம் என்றால் பெரியம்மாவின் பிள்ளைகள் மட்டுமா?

இவ்வளவு கத்துகிற நான் உத்தமன் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வேலை விண்ணப்பத்துக்கு ஒரு சான்றுப் பத்திரம் தேவைப்பட்டது. அந்தக் கந்தோரில் மாமா கிளார்க். பத்தரை மணிக்கு வெளியே வந்து, மேசைகளுக்கு இடையால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பியோன் பிளேன்டீ கொண்டுவந்தான், குடித்து முடியவில்லை, முத்திரை குத்திய கடதாசி கைக்கு வந்துவிட்டது. மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே வெளியே வந்தேன்.

வாசலில் ஒரு அம்மா. மலைநாட்டில் இருந்து இரவு மெயிலில் வந்து, விடியப்புறத்தில் இருந்து நிற்கிறவர். பொலித்தீன் பையில் மடித்த கடதாசிகள், அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, உள்ளுக்குப் போக வழி எந்தப் பக்கம்?” என்று கேட்டார். வாசல் எங்கே என்று அவருக்குத் தெரியும், அங்கேதான் நின்றார். வேறு வழி ஒன்று இருக்கிறது என்பது என் முகத்தில் தெரிந்திருக்கிறது. நான் வரிசையைக் காட்டி, “இங்கதான் நிக்கணும் அம்மா” என்றேன்.

மாமாவை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். அவரளவில் அது பாசம். ஆனால் நான் அப்படிச் சொன்ன குரல் இருக்கிறதே, அதில் ஒரு கந்தோர்க்காரன் தொனி. உத்தியோகம் கிடைக்க முன்னமே வந்துவிட்டது.

உங்கள் கேள்வி எங்கேயோ போய்விட்டது, மன்னியுங்கள். பெரியம்மாவின் மகன் அடுத்த முறை வந்தால் இலக்கம் எடுக்கச் சொல்லுங்கள். படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், இது என் சொந்தக்காரருடையது என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்து, பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுங்கள். அண்ணர் கோபிப்பார். பெரியம்மா உங்கள் அம்மாவுக்கு ஃபோன் எடுத்து அழுவார். கொஞ்ச நாளைக்கு வீட்டில் உங்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்காது. வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.