சளிக்குப் பிறகு காலில் செம்புள்ளிகள்: அலர்ஜி டெஸ்ட் எடுக்கலாமா?

"என் 6 வயது மகனுக்குச் சளி, இருமல் விட்டுப் பத்து நாள் ஆகிறது. இப்போது இரண்டு கால்களிலும் புட்டத்திலும் சிவப்பும் ஊதாவுமாகத் தடிப்புகள். கணுக்கால் வீங்கியிருக்கிறது, காய்ச்சல் இல்லை. மருந்துக்கடையில் களிம்பு தந்தார்கள். உணவு அலர்ஜி என்று சொல்லி ஒரு லேப்காரர் 6,000 ரூபாய்க்கு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார், எடுக்கலாமா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா.

ஒரு கண்ணாடி டம்ளரைப் புள்ளி மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். அலர்ஜித் தடிப்பு வெளுக்கும், சில மணி நேரத்தில் இடமும் மாறும். இது வெளுக்காது, ஏனென்றால் ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்துவிட்டது. நீங்கள் சொல்வது ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் போலத்தான் இருக்கிறது. பழைய பெயர் ஹெனாக்-ஷான்லைன் பர்ப்யூரா. சளிக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய ஐஜிஏ என்ற புரதமே சில பிள்ளைகளுக்கு நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அதைப் புண்ணாக்கிவிடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் தானாக அடங்கிவிடும். மீன், முட்டை எதையும் நிறுத்தாதீர்கள்.

அந்தக் களிம்பைத் தூக்கிப் போடுங்கள். கடைகளில் சீட்டில்லாமல் தரும் களிம்புகளில் பலவும் ஸ்டீராய்டு கலந்தவைதான், தோல் மெலிவதைத் தவிர இதற்கு ஒரு பயனும் இல்லை. சிலர் இதை அக்கி என்று சொல்லிக் காவி பூசிப் பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். காவியைக் கழுவித் துடைத்த பிறகுதான் எனக்குப் புள்ளியே தெரிகிறது, அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும்.

வயிற்றுவலியை மட்டும் விடாதீர்கள். சில பிள்ளைகளுக்குப் புள்ளி வருவதற்கு முன்பே வயிறு சுருட்டிப் பிடிக்கும், குடல்வால் என்று நினைத்து ஆபரேஷன் வரை போனதும் உண்டு. சிலருக்குக் குடல் குடலுக்குள் செருகிக்கொள்ளும். விட்டு விட்டு வலித்து, வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தமும் வந்தால் இரவானாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கடும் காய்ச்சலோடு புள்ளி வேகமாகப் பரவினாலும் அப்படித்தான், அது வேறு நோய்.

தோலும் மூட்டும் சரியாகிவிடும், சிலருக்குச் சிறுநீரகம்தான் சத்தமில்லாமல் கெடும். அதற்குத் தேவை சாதாரண யூரின் டெஸ்ட்டும் ரத்த அழுத்தமும்: முதல் மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை, மொத்தம் 6 மாதம். அரசு மருத்துவமனையிலேயே பார்ப்பார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த ஒரு வரியை எழுத யாருக்கும் நேரமில்லை, புள்ளி மறைந்ததும் பெற்றோரும் வருவதில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மாற மாட்டேன் என்கிறது. நாளைக் காலை பையனின் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள்.