வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் முதல் அதிபரது குடும்பப் பெயரான வாஷிங்டன், ஆங்கிலேயப் பெயர்தானா? அதன் பொருள் என்ன?

பதில்: ஆம், அது முதலில் ஓர் ஊரின் பெயர். வடகிழக்கு இங்கிலாந்தில் டர்ஹம் வட்டாரத்தைச் சேர்ந்த வாஷிங்டன் என்ற ஊரே அதன் பிறப்பிடம். ஆதி ஆங்கிலத்தில் 'டூன்' என்பது பண்ணையையோ குடியிருப்பையோ குறித்தது. அதன் முன்னே ஹ்வாசா என்பதைப் போன்றதோர் ஆட்பெயர் சேர்ந்து, 'ஹ்வாசாவைச் சார்ந்த குடியிருப்பு' என்னும் பொருள் அமைந்தது என்பர்.

12ஆம் நூற்றாண்டில் அவ்வூர் நிலத்தைப் பெற்ற ஹார்ட்பர்ன் வில்லியம் என்பவர், தம் பழைய ஊர்ப்பெயரை விட்டுப் புதிய ஊரின் பெயரைச் சூடிக்கொண்டார். நிலம் மாறினால் பெயரும் மாறிய காலம் அது. பரம்பரைப் பெயர் என்னும் வழக்கம் அப்போது உறுதிப்பட்டிருக்கவில்லை. அவர் வழிவந்த லாரன்ஸ் வாஷிங்டன் என்ற கம்பளி வணிகர், 1539இல் நார்தாம்டன்ஷயரின் சல்கிரேவ் பண்ணை நிலத்தை வாங்கினார். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜான் வாஷிங்டன், 1650களின் பிற்பகுதியில் வர்ஜீனியாவில் குடியேறினார். அவருடைய கொள்ளுப்பேரனே ஜார்ஜ் வாஷிங்டன்.

இப்பெயரின் பிற்கால வரலாறுதான் என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. இன்று அமெரிக்காவில் இப்பெயரைத் தாங்குவோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் கறுப்பின மக்கள். அடிமையாகப் பிறந்து பெருங்கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டன், பள்ளியில் முழுப்பெயரைக் கேட்டபோது, வளர்ப்புத் தந்தையின் இயற்பெயராகவும் இருந்த 'வாஷிங்டன்' என்பதைத் தாமே தேர்ந்து சொன்னார்.