கணக்கும் வேண்டும், சட்டமும் வேண்டும் என்கிற மகளுக்கு

உங்கள் மகள் கணக்கில் கெட்டி, ஆனால் சட்டம், அரசுக் கொள்கை என்று ஆசைப்படுகிறாள். ஏதாவது ஒன்றை விடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடச் சொல்லாதீர்கள், அம்மா. இரண்டையும் அறிந்தவர் இல்லாததால் நடந்த அநியாயம் ஒன்றைச் சொல்கிறேன்.

1999இல் பிரிட்டனில் ஒரு தாய், தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறக்க 8,543இல் ஒரு வாய்ப்பு. அதை அதே எண்ணால் பெருக்கி, இரண்டும் இறக்க ஏறத்தாழ 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றார் ஒரு மருத்துவ நிபுணர். பெருக்கல் சரிதான், ஆனால் பெருக்கியிருக்கவே கூடாது. ஒரே வீடு, ஒரே பெற்றோர். முதல் மரணத்தின் காரணம் இரண்டாவதற்கும் இருக்கலாமே! அதோடு, அந்த எண் அந்தத் தாய் நிரபராதியாக இருப்பதற்கான வாய்ப்பும் அல்ல. ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக அபூர்வம். இரண்டையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். 2001இல் ராயல் புள்ளியியல் சங்கம் பகிரங்கமாக மறுப்புத் தெரிவித்தது. 2003இல் தண்டனை ரத்தானது. வெளிக்காட்டப்படாத பரிசோதனை முடிவுகள்தான் முக்கியக் காரணம் என்றாலும், அந்த எண்ணையும் நீதிபதிகள் கண்டித்தார்கள்.

கணக்கு மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2016இல் வரைந்த நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளால் 13 இடங்களில் 10 ஒரே கட்சிக்குப் போயின. கணிதப் பேராசிரியர் ஜோனதன் மேட்டிங்லியின் குழு 24,000க்கும் மேற்பட்ட மாற்று வரைபடங்களைக் கணினியில் உருவாக்கி, மக்கள் போட்ட அதே ஓட்டுகளை அவற்றில் எண்ணிப் பார்த்தது. 10 இடம் தந்த வரைபடங்கள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லைகள் ஒரு கட்சிக்குச் சாதகமாக வரையப்பட்டன என்பதற்கு இதை ஆதாரமாகக் கீழ் நீதிமன்றம் ஏற்றது. 2019இல் உச்ச நீதிமன்றமோ, அப்படி வரைந்தது சரியா என்பது கூட்டாட்சி (மத்திய) நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய கேள்வியே அல்ல என்று 5-4 பெரும்பான்மையில் ஒதுக்கிவிட்டது. எந்தக் கேள்வி நீதிமன்றத்தில் நிற்கும் என்பதைச் சட்டம் படித்தால்தான் அறிய முடியும்.

சரி, என்ன படிக்கலாம்? இளநிலையில் கணிதமோ புள்ளியியலோ எடுக்கட்டும். நிகழ்தகவு, புள்ளியியல், கொஞ்சம் புரோகிராமிங் அவசியம்; நுண்கணிதத்தின் உச்சிக்கெல்லாம் போகத் தேவையில்லை. அப்புறம் சட்டமோ பொதுக் கொள்கையோ முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம். புள்ளியியல் துறைகள், நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவுகள், ஒழுங்குமுறை ஆணையங்கள், தடயவியல் ஆய்வகங்கள் என்று வேலைக்கு இடமுண்டு. நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியாக நிற்பது மட்டும் பல வருட அனுபவத்துக்குப் பிறகே அமையும்; அதை முதல் வேலையாக எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு பயிற்சி: எண்கள் வரும் ஒரு தீர்ப்பை எடுத்து, அந்த எண் எங்கிருந்து வந்தது, எதை அனுமானித்தது என்று கணக்குத் தெரியாத உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தரட்டும். ரசித்து எழுதினால், தயங்காமல் இந்தத் துறைக்கு அவளை அனுப்புங்கள்.