கிளி வாங்கும்போது காட்டும் டிஎன்ஏ சான்றிதழ் எதற்கு?

கேள்வி: மகளுக்காக ஓர் ஆப்பிரிக்கன் கிரே குஞ்சு பார்த்து வைத்திருக்கிறோம். இறகு கொட்டும் வைரஸ் நோயைப் பற்றிக் கேட்டதும், விற்பவர் டிஎன்ஏ சான்றிதழ் ஒன்றைக் காட்டினார். குஞ்சும் துறுதுறுவென்று இருக்கிறது. நம்பி முன்பணம் கொடுக்கலாமா? வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸ் இருக்கிறது.

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கால் வளைய எண், இனம், அதன் கீழே ‘ஆண்’ அல்லது ‘பெண்’, இவ்வளவுதான் இருக்கிறதா? அப்படியானால் அது பாலினம் அறியச் செய்த சோதனை. கிரே கிளியில் ஆணையும் பெண்ணையும் பார்த்துச் சொல்வது கடினம் என்பதால் வளர்ப்பவர்கள் வழக்கமாகவே இதை எடுத்து வைத்திருப்பார்கள். வைரஸ் இருக்கிறதா என்று அந்தச் சோதனை தேடுவதே இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது பிபிஎஃப்டி பிசிஆர் சோதனை. நீங்கள் சொன்ன இறகு கொட்டும் நோயின் சுருக்கப் பெயர்தான் பிபிஎஃப்டி. இந்த நோயைத் தருவது ஒரு சர்கோவைரஸ். அதன் மரபணுவைத்தான் பிசிஆர் தேடுகிறது. அறிக்கையில் நோயின் பெயர், முடிவு, மாதிரி எடுத்த தேதி, அதே வளைய எண் எல்லாம் இருக்க வேண்டும். விற்பவரே இறகைக் கவரில் போட்டு அனுப்பியிருந்தால், அது எந்தப் பறவையின் இறகு என்று யாருக்குத் தெரியும்? பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம், உங்கள் கண்முன் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். இரத்தம் கொஞ்சம், புதிதாக முளைக்கும் இறகு ஒன்றிரண்டு, இரண்டும் எடுப்பது நல்லது. கூண்டின் அடியில் விழுந்து கிடக்கும் இறகு வேண்டவே வேண்டாம். பக்கத்துக் கூண்டுப் பறவையின் இறகுத் தூசி அதில் ஒட்டியிருந்தாலே பாசிட்டிவ் வந்துவிடலாம்.

துறுதுறுப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காக்கட்டூ என்ற கொண்டைக் கிளியில் இறகு முறுக்கிக்கொண்டு முளைக்கும், அலகு கெட்டுப்போகும், பார்த்தாலே தெரியும். கிரே குஞ்சுகளிலோ, இறகில் ஒரு குறையும் தெரியாமலே வெள்ளை அணுக்கள் சரிந்து, சில நாட்களிலேயே உயிர் போய்விடுவது உண்டு. வைரஸை ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மனிதருக்கு இது தொற்றாது. மகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நலமாக இருக்கும் பறவைக்குப் பாசிட்டிவ் வந்தால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தனியாக வைத்து 90 நாள் கழித்து மறுபடி சோதிப்பார்கள். சில பறவைகள் தாமாகவே வைரஸை வென்றுவிடும். ஆனால் அந்த 90 நாளும் பறவை விற்பவரிடமே இருக்கட்டும். முன்பணம் கொடுக்கும் நேரம் வரும்போது, ‘பிபிஎஃப்டி பாசிட்டிவ் என்றால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்’ என்று வளைய எண்ணோடு ரசீதில் எழுதி வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய அந்த ரசீது கையில் வேண்டும். சோதனைக்கே சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

பறவைக்கான ஆவணங்களையும் கேளுங்கள். ஆப்பிரிக்கன் கிரே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம்; 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

அப்புறம், உங்கள் லவ்பேர்ட்ஸ். எந்த அறிகுறியும் இல்லாமல் இந்த வைரஸைச் சுமப்பதில் அவை பேர்போனவை. எச்சத்திலும் இறகுத் தூசியிலும் வெளியேறும் வைரஸ் கூண்டில் நெடுநாள் சாகாமல் கிடக்கும். ஆகவே முதல் பிசிஆர் அந்த ஜோடிக்குச் செய்யுங்கள். முடிவு வந்த பிறகு குஞ்சைப் பற்றி விற்பவரிடம் பேசலாம்.