கடையில் மேடைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஃபெடிஷ் கிளிப்களில் (கால் போன்ற ஏதாவது ஒன்றின் மேல் பாலியல் ஈர்ப்பு உள்ளவர்களுக்காக எடுத்து விற்கும் சிறு வீடியோக்கள்) நடித்து விலகியவர்களின் கேள்விகள். பதில்கள் அந்நாட்டுச் சட்டத்தை ஒட்டியவை.

சூப்பர் மார்க்கெட்டில் ஒருவர் என் பழைய மேடைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கால் ஃபெடிஷ் கிளிப்களை விட்டுப் பல வருடமாயிற்று. என்ன செய்ய?

திரும்பாதீர்கள். திரும்பிவிட்டால் "ஆள் மாறிக் கூப்பிடுறீங்க" என்பதோடு நகர்ந்துவிடுங்கள். நீளமாக மறுத்தால் அது நீங்கள்தான் என்று அவருக்கு உறுதியாகிவிடும். போட்டோவுக்குச் சம்மதிக்காதீர்கள். நேரே காருக்கும் போகாதீர்கள், நம்பர் பிளேட் தெரிந்துவிடும். அவர் போகும்வரை பில் கவுன்டர் பக்கம் நில்லுங்கள். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகளை அன்றே எழுதிவையுங்கள். அதே ஆள் மறுபடி வந்தால் போலீசிலும் கோர்ட்டிலும் அந்தக் குறிப்பு உதவும்.

இந்த வகை கிளிப்களுக்குப் பார்வையாளர் குறைவு. ஆனால் ஒரே நடிகையின் கிளிப்களை வருடக்கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. குரல், மச்சம், கணுக்கால் டாட்டூ போதும் அவர்களுக்கு. பலருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. உங்கள் நிஜப் பெயர் அவர்கள் கைக்குப் போவதுதான் ஆபத்து.

நிஜப் பெயர் எப்படித் தெரியவரும்?

முகத் தேடல் வழியாக. முகத்தை வைத்து இணையத்தில் படங்களைத் தேடித்தரும் பிம்ஐஸ் தளத்தில் கிளிப்பின் முகப்புப் படத்தைப் போட்டால், உங்கள் அலுவலகத் தளத்தின் 'எங்கள் குழு' படமோ, கல்யாண போட்டோகிராபரின் பக்கமோ வந்து நிற்கலாம். முதலில் நீங்களே தேடுங்கள்: இன்றைய நேர்முகம், பக்கவாட்டு முகம், நடித்த காலத்துப் படம் என்று தனித்தனியாக. கிளிப்பை நீக்கவைப்பதைவிட அலுவலகப் படத்தை நீக்கவைப்பது எளிது, அதில் தொடங்குங்கள். பிறகு உங்கள் முகத்தைத் தேடலிலிருந்து விலக்கச் சொல்லி பிம்ஐஸில் கோரிக்கை கொடுங்கள். அடையாள அட்டை நகல் கேட்பார்கள், தேவையற்ற எண்களை மறைத்து அனுப்புங்கள். பழைய முகத்துக்கும் புது முகத்துக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். இதனால் வீடியோ அழியாது, தேடலில் வருவது குறையும்.

டிஎம்சிஏ நோட்டீஸ் (காப்புரிமையை மீறிய பதிவை நீக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்ட நோட்டீஸ்) அனுப்பலாமா?

நீங்களே படம்பிடித்ததென்றால் அனுப்பலாம். இல்லையென்றால் காப்புரிமை பொதுவாகத் தயாரிப்பாளருடையது. நடித்ததால் மட்டும் அது வராது என்று ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் கார்சியா எதிர் கூகுள் வழக்கில் சொல்லிவிட்டது. சொந்தப் பெயரில் அனுப்பவே அனுப்பாதீர்கள். நோட்டீஸ் பதிவேற்றியவனுக்குப் போகும். கூகுளுக்கு அனுப்பினால் நகல், இத்தகைய நோட்டீஸ்களை யாரும் பார்க்கும்படி வைக்கும் லூமன் தரவுத்தளத்துக்கும் போகும். வக்கீல் அல்லது முகவர் பெயரில் போகட்டும்.

காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது அழி என்பது நியாயமா?

கையெழுத்து கிளிப்பை விற்கத்தான். உங்கள் வேலையிடத்தைத் தேடிப்பிடிக்க யாருக்கும் அதில் உரிமை தரவில்லை.

ஒப்பந்தத்தில் 'எந்த ஊடகத்திலும், என்றென்றும்' என்றிருக்கிறதே?

இருக்கும், தயாரிப்பாளர் வரை அது செல்லும். இலவசத் தளத்தில் திருட்டுப் பதிவு போட்டவனுக்கு அந்தக் கையெழுத்து எதுவும் தரவில்லை. அதில் தயாரிப்பாளருக்கும் நஷ்டம், ஆகவே அவர் உங்கள் பக்கம் நிற்க வாய்ப்புண்டு. அவரையே நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். விற்பனை ஓய்ந்த கிளிப்பென்றால் உரிமையை விலைக்குக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

ஏமாற்றி வாங்கிய கையெழுத்துமா செல்லும்?

அது வேறு கதை. கேர்ள்ஸ்டூபோர்ன் என்ற ஆபாச வீடியோ தளத்தின் மீதான வழக்கில் 2020 ஜனவரியில் சான் டியாகோ நீதிமன்றம் 22 பெண்களுக்கு சுமார் 1.28 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. வீடியோக்களின் உரிமையையும் அவர்களுக்கே மாற்றியது. அதுதான் பெரிய ஆயுதம், இனி நோட்டீஸ் அனுப்பும் உரிமை அவர்களுடையது. வெளிநாட்டு டிவிடியில் மட்டுமே வரும், இணையத்தில் வராது என்று சொல்லி நடிக்கவைத்தது நிரூபணமானது. அப்படியொரு வாக்குறுதி உங்களிடம் மெசேஜாக இருந்தால் அழிக்காதீர்கள், வக்கீலிடம் கொடுங்கள்.

டேக் இட் டவுன் சட்டப்படி தளங்கள் 48 மணி நேரத்தில் வீடியோவை நீக்கிவிடுமாமே?

2025 மே மாதச் சட்டம். சம்மதமில்லாமல் வெளியான அந்தரங்கப் படங்களுக்கும் டீப்ஃபேக் எனும் கணினிப் போலிகளுக்கும். கையெழுத்திட்டு விற்பனைக்கு வந்த கிளிப்புக்கு இதை நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் அழிக்க முடியுமா?

முடியாது.

ஆபீசில் முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

தொழிலாளர் வக்கீலைக் கேளுங்கள். மின்னஞ்சலில் எழுதவேண்டாம்.

நானே ஒரு நோட்டீஸ்...

சொந்தப் பெயரில் வேண்டாம். மேலே டிஎம்சிஏ பற்றிய பதிலைப் பாருங்கள்.

கிளிப்பைத் தயாரித்த கம்பெனியே மூடிவிட்டது. யாரைத் தேடுவது?

இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்துவைக்கும் வேபேக் மெஷினில் பழைய தளத்தைத் திறந்து, அடியிலுள்ள '2257' (சட்டப் பிரிவின் எண்) இணைப்பைப் பாருங்கள். வெளிப்படையான பாலியல் காட்சிகள் உள்ள தளமென்றால், நடிகர்களின் வயதுச் சான்றுகளை வைத்திருப்பவரின் பெயரும் தெரு முகவரியும் அங்கே இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த முகவரிக்குப் பதிவுத் தபால் போகட்டும், வக்கீல் பெயரில்.