ஆறு லட்சம் என்றால் மாதம் ஐம்பதாயிரமா?

கேள்வி: என் மகள் இந்த வருடம் பொறியியல் முடித்தாள். ஒரு கன்சல்டன்ட் மூலமாகச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் சிடிசி வருடத்துக்கு ஆறு லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். மாதம் ஐம்பதாயிரம் கைக்கு வந்துவிடும் என்கிறார் கன்சல்டன்ட். அதை நம்பித்தான் கல்விக்கடன் தவணை, ஹாஸ்டல் வாடகை எல்லாம் கணக்குப் போட்டோம். ஆனால் கடிதத்தில் பாதி வார்த்தை எங்களுக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்டால் எச்ஆர் தப்பாக நினைப்பாரோ என்று மகள் பயப்படுகிறாள். இதற்கிடையில் டாக்குமென்டேஷன் சார்ஜ் என்று கன்சல்டன்ட் பதினைந்தாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஐம்பதாயிரம் வராது. கடிதத்தை நான் பார்க்கவில்லை, ஆனாலும் இந்தத் தொகைக்கு வழக்கமாகப் பிரிக்கும் விதத்தை வைத்துச் சொல்கிறேன்: மாதம் 37,000 கைக்கு வந்தால் சரியான கணக்கு. சிடிசி என்பது உங்கள் மகளுக்காகக் கம்பெனி ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவு. மட்டையோடு எடை போட்ட தேங்காய் மாதிரி. அதில் அவள் கைக்கு வருவதும் உண்டு, வராததும் உண்டு.

ஆறு லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். அதில் பத்து சதவீதம் வேரியபிள் பே என்று வைத்துக்கொள்ளுங்கள், 60,000 போச்சு. வருடக் கடைசியில் மதிப்பெண் போட்ட பிறகுதான் அது வரும், வந்தாலும் முழுசாக வருமென்று உறுதியில்லை. பேசிக் என்னும் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 25,000 என்று கொண்டால், கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) அதில் 12 சதவீதம், மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. இதுவும் சிடிசிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கிராஜுவிட்டிக்கென்று, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கென்று, பேசிக்கில் 4.81 சதவீதம், அது வருடத்துக்கு 14,430. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், இதர செலவு என்று இன்னும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1,20,000. மீதி 4,80,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 40,000. இதைத்தான் கிராஸ் என்கிறார்கள். பேஸ்லிப் என்னும் சம்பளச் சீட்டில் இடது பக்கம் பேசிக் 25,000, எச்ஆர்ஏ என்னும் வீட்டு வாடகைப் படி 10,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 5,000 என்று வரிசையாக இருக்கும். வலது பக்கம் பிடித்தம். அதில் அவளுடைய பங்கு பிஎஃப் 3,000. வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு வராது. புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி கிடையாது. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதிகபட்சம் 1,250 பிடிப்பார்கள். ஆக, 37,000.

சில கம்பெனிகள் பிஎஃப்பை முழு பேசிக்குக்குக் கட்டாமல் 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் கட்டும். அப்போது பிடித்தம் 1,800-தான், கையில் கொஞ்சம் கூடும். எது வசதி என்று கேட்டால், முழுத் தொகைக்குக் கட்டுவதையே நான் சொல்வேன். இருபத்திரண்டு வயதில் யாரும் தானாகச் சேமிப்பதில்லை.

சரி, இந்தக் கணக்குத் தெரியாதவரா அந்தக் கன்சல்டன்ட்? நன்றாகத் தெரியும். ஆள் எடுத்துக் கொடுப்பவருக்குக் கூலி கொடுப்பது கம்பெனி. வழக்கத்தில் இருக்கும் கூலி வருட சிடிசியில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆறு லட்சத்துக்கு அது எவ்வளவு? ஐம்பதாயிரம். ஆக, அவர் சொன்ன தொகை பொய்யில்லை, அது அவருக்கு வருவது, அவ்வளவுதான்! சிடிசி எவ்வளவு ஊதுகிறதோ அவ்வளவு அவருக்கு லாபம். அதனால்தான் வேரியபிள், ஜாயினிங் போனஸ், ரிடென்ஷன் போனஸ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பெரிய எண்ணாகச் சொல்வார்கள். கம்பெனியிடம் கூலி வாங்கிக்கொண்டு உங்களிடமும் கேட்பவரை என்னவென்று சொல்வது? டாக்குமென்டேஷன் சார்ஜ், டிரெயினிங் கிட், லேப்டாப் டெபாசிட், பெயர் எதுவாக இருந்தாலும் வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்மையான கம்பெனி ஒரு பைசா கேட்காது. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடு, சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்றால் நேரில் காட்டுங்கள், கையோடு வாங்கி வாருங்கள். நகல் கொடுத்தால் போதும்.

கடிதமே உண்மையா என்பதையும் பாருங்கள். கம்பெனிச் சட்டப்படி லெட்டர்ஹெட்டில் சிஐஎன் என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 21 இடக் குறியீடு இருக்க வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதைப் போட்டுத் தேடினால் கம்பெனியின் பெயர், முகவரி, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். மெயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கம்பெனியின் சொந்த டொமைனிலிருந்து வராமல் ஜிமெயிலிலிருந்து ஆஃபர் வந்தால், கம்பெனி இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குச் செய்யாதீர்கள், அதை எடுப்பதும் அதே ஆளாக இருக்கலாம்.

இன்னொரு வகை இருக்கிறார்கள். இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் போட்டுத் தருகிறேன், சம்பளம் இரட்டிப்பாகும் என்பார்கள். இப்போதெல்லாம் பின்னணி விசாரணையில் யூஏஎன் என்ற பிஎஃப் எண்ணைக் கேட்டு பிஎஃப் வரலாற்றைப் பார்க்கிறார்கள். எந்தக் கம்பெனி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எல்லாம் அதில் இருக்கும். பணம் கட்டாத மாதத்துக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? மாட்டினால் சேர்ந்த வேலையும் போகும். சான்றிதழ் விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

கிராஜுவிட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மாதாமாதம் உங்கள் மகள் பெயரில் 1,200 ரூபாய் கணக்கில் காட்டுகிறார்கள். ஆனால் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது அவளுக்கு. இரண்டு வருடத்தில் கிளம்பினால் கம்பெனிக்கே போகும். ஊழியர் இறந்துவிட்டாலோ உடல் ஊனமாகிவிட்டாலோ ஐந்து வருடக் கணக்கு இல்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஐந்து என்றால் காலண்டரில் முழு ஐந்து ஆக வேண்டும் என்று பெரும்பாலான எச்ஆர் சொல்வார்கள். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தால் அதை முழு வருடமாகக் கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வாரம் ஆறு நாளுக்கும் குறைவாக இயங்கும் அலுவலகம் என்றால் 190 நாளே போதும். நான்கு வருடம் முடித்து, ஐந்தாவது வருடத்தில் அந்த நாட்களைத் தாண்டியவருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நான்கரை வருடத்தில் வேலையை விடும்போது "உங்களுக்கு எலிஜிபிள் இல்லை" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். நாள் கணக்கில் எதைச் சேர்ப்பார்கள் என்று சண்டை வரும்: சம்பளத்தோடு எடுத்த விடுப்பு சேரும், மகப்பேறு விடுப்பு சட்டம் சொல்லும் அளவுக்குச் சேரும். அதனால் பேஸ்லிப்பை மாதாமாதம் இறக்கிச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள், வேலையை விட்ட மறுநாள் கம்பெனியின் ஊழியர் போர்ட்டல் அவளுக்குத் திறக்காது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி ஃபிக்ஸ்ட் டெர்ம் என்று, குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்படுபவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. உங்கள் மகளின் கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நிரந்தர வேலை என்றால் பழைய ஐந்துதான்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அனெக்ஸர் என்று ஒரு அட்டவணை இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதில் வேரியபிள் என்ற சொல்லுக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி, கீழே பொடி எழுத்தில் "நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி. பக்கத்தில் அதுதான் சிறிய எழுத்து, ஆனால் பாரம் அதில்தான். ஜாயினிங் போனஸ் இருந்தால், ஒரு வருடத்துக்குள் விட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி பக்கத்திலேயே இருக்கும்.

நோட்டீஸ் பீரியட், அதாவது வேலையை விடுகிறேன் என்று சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், எத்தனை நாள் என்று பாருங்கள். முப்பது நாள் என்றால் நிம்மதி. தொண்ணூறு என்றால் அடுத்த கம்பெனி காத்திருக்காது. பணம் கட்டிவிட்டு முன்கூட்டியே கிளம்பலாமா, அந்தப் பணம் பேசிக்கில் கணக்கா கிராஸில் கணக்கா என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன கணக்கில் மூன்று மாத பேசிக் 75,000, மூன்று மாத கிராஸ் 1,20,000. வேலையிலிருந்து விடுவித்தோம் என்று தரும் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் வெளியே வந்தால் அடுத்த இடத்தில் திண்டாட்டம். இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு இருந்தால், "அதெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம், குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாண்டு தொகையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

வேலையை விட்டால் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்கிறது புதிய சட்டம். எச்ஆரைக் கேளுங்கள், நாற்பத்தைந்து நாள் பிராசஸ் என்பார்கள். சட்டம் ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம். நான்கு வருடம் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தும் கல்லூரிகள், மேடையேறித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி என்று மட்டும் சொல்லிக் கொடுக்கின்றன. ஒரு பேஸ்லிப்பை எப்படிப் படிப்பது என்று ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா? பிளேஸ்மென்ட் ஆகிவிட்டது என்று பேனர் கட்டியதோடு அவர்கள் வேலை முடிந்தது.

கேட்டால் எச்ஆர் தப்பாக நினைப்பாரா? மாட்டார். தினமும் பத்துப் பேரிடம் பதில் சொல்லும் கேள்விதான். போனில் கேட்க வேண்டாம், மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் பெரிதாக வேண்டியதில்லை. "தேங்க் யூ ஃபார் தி ஆஃபர். குட் யூ ப்ளீஸ் ஷேர் தி மந்த்லி சாலரி பிரேக்-அப், இன்க்ளூடிங் ஃபிக்ஸ்ட் கிராஸ் அண்ட் டேக்-ஹோம்?" மாதச் சம்பளத்தைப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்கும் இந்த இரண்டே வரி போதும். அடுத்த வரியில் நோட்டீஸ் பீரியட், வேரியபிள் எப்போது கிடைக்கும், பாண்டு உண்டா என்று மூன்றையும் கேட்டுவிடலாம். பதில் மெயிலில் வந்தால் அதுவே ஆதாரம். போனில் "ஆமாம் ஆமாம், எல்லாம் வரும்" என்றால் அதற்கு மதிப்பே இல்லை. எதிர்பார்க்கும் சிடிசி என்ன என்று அடுத்த தடவை யாராவது கேட்டால், அவள் ஃபிக்ஸ்ட் சம்பளத்தில்தான் பதில் சொல்ல வேண்டும், சிடிசியில் பேசவே கூடாது.

ஆஃபர் லெட்டர் வேறு, அப்பாயின்ட்மென்ட் லெட்டர் வேறு. முதலாவது, வேலை தருகிறோம் என்ற சொல், இரண்டாவதுதான் வேலை. நியமனக் கடிதம் எல்லா ஊழியருக்கும் கட்டாயம் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது. சேர்ந்த அன்றே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இரண்டிலும் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும், சில இடங்களில் நோட்டீஸ் நாள் இரண்டாவது கடிதத்தில் மட்டும் நீண்டிருக்கும்.

சேரும் தேதியையும் பாருங்கள். மாதத்தின் கடைசி வாரத்தில் சேர்ந்தால் சில கம்பெனிகளில் அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதம் அரியராகத்தான் வரும். முதல் இரண்டு மாத ஹாஸ்டல் வாடகையும் முன்பணமும் உங்கள் கையிலிருந்துதான் போகும் என்று வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.