வார்த்த குண்டில் சுருக்கமும் எடைக் குறைவும்: காரணம் என்ன?

கேள்வி: பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு .50 கேலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) பிளின்ட்லாக், அதாவது தீக்கல் பொறியால் வெடிக்கும் பழைய பாணித் துப்பாக்கி வைத்திருக்கிறேன். பழைய டயர் எடைகளை (சக்கரத்தைச் சமன்படுத்தப் பொருத்தும் ஈயத்துண்டுகள்) உருக்கி .490 அங்குல உருண்டைக் குண்டு வார்க்கிறேன். மேலெல்லாம் சுருக்கம், எடையும் ஒன்றுபோல் வருவதில்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் அந்த டயர் எடைகளை ஒதுக்கி வையுங்கள். அவற்றில் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருக்கும், குண்டு கடினமாகிவிடும். இப்படிக் குழலின் வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கியில் குண்டின் வேகம் குறைவு. அது மானின் உடலில் தட்டையாக விரிந்தால்தான் காயம் அகலமாகி விலங்கு சீக்கிரம் விழும். அந்த இளக்கம் சுத்த ஈயத்தில்தான் உண்டு. கூரைக்குப் போடும் ஈயத்தகடு நல்லது. நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். கார் பேட்டரி ஈயத்தைத் தொடவே வேண்டாம், அதன் கசடிலிருந்து நச்சு வாயு கிளம்பும்.

சுருக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் குளிர்ந்த அச்சு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வார்க்க 400 முதல் 430 வரை வேண்டும். அச்சின் மூலையை உருகிய ஈயத்தில் அரை நிமிடம் தோய்த்துச் சூடேற்றுங்கள். முதலில் வரும் குண்டுகளைத் திரும்பவும் சட்டியில் போடுங்கள். அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் சுருக்கம் விழும். மாறாக, குண்டு பனி படர்ந்தாற்போல் வெளுத்து வந்தால் சூடு அதிகம்.

எடை மாறுவதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஈயம் இறுகும்போது சுருங்கும். ஊற்றுத் துளைக்கு மேல் தாராளமாக ஈயம் நின்றால் அது உள்ளே இறங்கி இடத்தை நிரப்பும். சிக்கனமாக ஊற்றினால் குண்டுக்குள் காற்றுக்குழி. மேலே நிற்கும் ஈயம் மங்கி இறுகியபின் இரண்டு மூன்று விநாடி பொறுத்து வெட்டுத்தகட்டை (அச்சின் மேலிருந்து மிச்ச ஈயத்தை வெட்டும் தகடு) தட்டுங்கள். அவசரப்பட்டால் ஈயம் இழுபட்டு குண்டில் வெட்டுப்பட்ட இடம், அதாவது வெட்டுமுகம், பிய்ந்துவிடும். அவ்வப்போது பட்டாணி அளவு தேன்மெழுகு போட்டுக் கிளறிக் கசடை வழித்தெடுங்கள். மெழுகுப் புகை தீப்பற்றலாம், முகத்தை விலக்கி வையுங்கள்.

சுத்த ஈயத்தில் .490 குண்டு ஏறத்தாழ 177 கிரெயின் (சுமார் 11.5 கிராம்) இருக்கும். ஒவ்வொன்றையும் நிறுத்து, இரண்டு கிரெயினுக்கு மேல் குறைந்ததை மறுபடி உருக்குங்கள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும். ஈரமான கரண்டியோ ஈயத்துண்டோ சட்டிக்குள் போகக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, காற்றோட்டமான இடம் கட்டாயம். கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

கெட்டிக்கும்போது வெட்டுமுகம் மேல்நோக்கி, குழலின் நடுவில் இருக்கட்டும்.